கிணற்று நீச்சலை மறக்க எடுத்த பதினாறு வாரங்கள்

எனக்கு நீந்தத் தெரியும் என்று முப்பத்தைந்து ஆண்டுகளாக நம்பியிருந்தேன். எட்டு வயதில், யாழ்ப்பாணம் கொக்குவிலில் மாமாவின் தோட்டக் கிணற்றில், வாழைக்குற்றி ஒன்றை அணைத்துக்கொண்டும், இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மாமாவின் கையில் இருக்கிறது என்ற துணிவோடும் கைகால் அடிக்கப் பழகியவன் நான். பின்னர் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகும்போதெல்லாம் கேணிக் கட்டிலிருந்து குதித்து, மறுகரையைத் தொட்டுவிட்டு, அதையே நீச்சல் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு ஏப்ரலில் 25 மீற்றர் நீளமான தடாகம் ஒன்றின் ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் மூச்சு வாங்க நின்றேன். நான் நீந்துவதாக ஒப்புக்கொண்டிருந்த தூரமோ அதைப் போல முப்பது மடங்கு.

ஒப்புக்கொண்டது இப்படித்தான். என்னோடு கற்பிக்கும் இளைய ஆசிரியர் ஒருவர், காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லோன் ஒன்றை நாமே செய்து பார்த்தால் என்ன என்று கேட்டார். எழுவர் சேர்ந்தோம். 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம் என்ற குறுந்தூர அளவைத் தெரிந்தெடுத்தோம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் முதன்முறை சேர்க்கப்பட்ட 1.5, 40, 10 என்ற அளவின் சரிபாதி அது. இந்த விளையாட்டு டிரையத்லோன் என்ற பெயரோடு 1974இல் சான் டியேகோவின் மிஷன் குடாவில் தொடங்கியபோது, அதுவும் ஓட்டக்காரர்கள் சிலர் தமக்குள் பேசி ஒழுங்குசெய்த ஒரு மாலை நேர நிகழ்வாகத்தான் இருந்தது. ஆகவே பெரிய அமைப்போ அனுசரணையோ இல்லாமல் தொடங்குவதில் எங்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. நாற்பதைக் கடந்த நாங்கள் மூவர் மட்டும் முதலில் வைத்தியரிடம் போய் இதயத்தைச் சோதித்துக்கொண்டோம்.

ஓகஸ்ட் மாதத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காற்றே காரணம். கசூரினா வடக்கு நோக்கிய கரை. வாடைக் காலத்தில் அங்கே அலை எழும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் நிலம் காற்றை மறைத்துக்கொள்வதால் கடல் கேணித் தண்ணீரைப் போலக் கிடக்கும். ஆனால் கடலில் விட்ட காற்று வீதியில் பிடித்துக்கொள்ளும் என்பதை நாங்கள் போதியளவு கணக்கில் எடுக்கவில்லை.

பயிற்சியின் முதல் மூன்று வாரங்களை நான் நீந்தாமலே கழித்தேன் என்று சொல்லலாம். கிணற்றில் கற்றவனுக்குத் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். நாலு கை வீசினால் சுவர் வந்துவிடுவதால் அங்கே மூச்சைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு கரை சேர்ந்துவிடலாம். தடாகத்தில் நான் முகத்தைத் தாழ்த்தினாலும் அதே பழக்கம் தொடர்ந்தது: தண்ணீருக்குள் மூச்சை அடக்கினேன், தலையைத் திருப்பிய அரை வினாடிக்குள் பழைய காற்றை விடவும் புதிய காற்றை இழுக்கவும் முயன்றேன். மூச்சு முட்டுவது ஒட்சிசன் போதாததால்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அந்தத் திணறலை முதலில் எழுப்புவது வெளியேறாமல் தேங்கும் காபனீரொட்சைட்டு. அப்படியானால் எனக்கு வேண்டியிருந்தது அதிகமாக இழுப்பதல்ல, முழுவதுமாக விடுவது.

எனவே ஆழம் குறைந்த பக்கத்தில் நின்று, முகத்தை அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுக்கொண்டே மனதுக்குள் நாலு எண்ணி, பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு இழுக்கும் பயிற்சியை ஒரு தடவைக்கு ஐம்பது முறை செய்தேன். பக்கத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அதையே விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கும் அளவுக்கு நல்ல பிள்ளை. இரண்டாம் வாரக் கடைசியில் சுவரைக் கையால் பிடித்துக் காலை மட்டும் அடித்தபடி அதே மூச்சைப் பழகினேன். தலையைத் தூக்கினால் கால் ஏன் தாழ்கிறது என்பதை மாணவர்களுக்கு நெம்புகோலை வைத்து எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். என் சொந்த உடம்பில் அது விளங்க மூன்று வாரம் எடுத்தது. நான்காம் வாரத்தில் 50 மீற்றரை முப்பது வினாடி இடைவேளைகளோடு எட்டு முறையும், ஏழாம் வாரத்தில் 100 மீற்றரை ஐந்து முறையும் நீந்தினேன். ஒன்பதாம் வாரத்தில் 400 மீற்றரை நிறுத்தாமல் முடித்தேன். பன்னிரண்டாம் வாரத்தில் 750 மீற்றர் 23 நிமிடங்களில் வந்தது. நல்ல நீச்சல்காரர் இதைப் பாதி நேரத்தில் முடிப்பார். ஆனால் அன்று சுவரைப் பிடித்தபோது எனக்கு இரைக்கவில்லை, பக்கத்தில் நின்றவரோடு பேச முடிந்தது.

சைக்கிளைப் பற்றி எங்கள் எழுவருக்கும் ஒரே இறுமாப்புத்தான். தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் சைக்கிளே எங்கள் பேருந்தாகவும் லொறியாகவும் இருந்தது. அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். அப்படி வளர்ந்தவர்களுக்கு 20 கிலோமீற்றர் ஒரு பொருட்டா என்று நினைத்தோம். கொழும்பில் ஒருவரிடமிருந்து பழைய பந்தயச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். இரும்புச் சட்டம், அலுமினியச் சீற் தண்டு. ஆறாம் வாரத்தில் என் வலது முழங்காலின் முன்பக்கம் நோகத் தொடங்கியது. சீற் தாழ்ந்திருந்தால் இந்த இடத்தில் நோவு வரும் என்று அறிந்தபின், சீற்றில் அமர்ந்து குதிக்காலை மிதியின் மேல் வைத்து, மிதி அடியில் நிற்கும்போது கால் நேராகிறதா என்று பார்த்தேன். நேராகவில்லை, ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் உயர்த்த வேண்டியிருந்தது. ஆணியைத் தளர்த்தித் தண்டை இழுத்தால், அது சட்டத்தோடு ஒன்றாய்ப் பிறந்ததுபோல் அசைய மறுத்தது.

உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு கிடந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகி ஊதும். அந்தப் பொடியே இடைவெளியை ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடும். சுத்தியலால் தட்ட ஆயத்தமானவனைத் தடுத்து, சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்காரர் வேறு வழி சொன்னார். மிதித்தண்டையும் குண்டுகளையும் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அடியிலிருந்து சீற் குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு இரவு விட்டோம். மூன்றாம் நாள் சீற்றை மட்டும் கழற்றிவிட்டு, தண்டின் தலையை மேசையிற் பூட்டிய வைஸில் இறுக்கி, சட்டத்தை இரண்டு பேர் இருபுறமும் பிடித்துத் திருப்பினோம். தண்டைத் திருப்பாமல் சட்டத்தையே திருப்புவதில் பெரிய நன்மை உண்டு. சட்டத்தின் முழு நீளமும் கைபிடியாகி விடுகிறது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பழைய கதவின் பிணைச்சல் போல ஒரு கிரீச்சிடல் கேட்டது. விளிம்பில் மாவைப் போல வெள்ளைப் பொடி உதிர்ந்தது. கால் மணி நேரம் முன்னும் பின்னுமாகத் திருப்பி வெளியே எடுத்தபோது, கடைக்காரர் தண்டைத் துடைத்தபடி, “தம்பி, கிறீஸ் பூசாமல் இதைத் திரும்பச் செருகினீங்களெண்டால் இனி என்னட்டை வரவேண்டாம்” என்றார். கிறீஸ் பூசினேன். முழங்கால் நோவு இரண்டு வாரத்தில் மறைந்தது. செயினையும் அப்போதே அளந்தோம்: 12 அங்குலம் இருக்க வேண்டிய நீளத்தில் பதினாறில் ஓர் அங்குலத்துக்கு மேல் மிகுந்திருந்ததால் புதியது போட்டோம்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் ஓடினேன். முதலிலேயே ஓரளவு பழக்கம் இருந்தது. கடினமாக இருந்தது சைக்கிளில் இருந்து இறங்கிய உடனே ஓடுவதுதான். இதற்காகச் சனிக்கிழமைகளில் விடியற்காலை ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தால் புறப்பட்டு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் கடந்து சாட்டி வரை போனோம். சாட்டியின் ஆழமற்ற கடலில் அரை மணி நேரம் நீந்திவிட்டு, அதே வழியால் திரும்பி வந்து, சைக்கிளை மரத்தில் சாத்திய கையோடு கோட்டையைச் சுற்றி ஓடுவோம். போகும்போது சோளகம் முகத்தில் அறையும். திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். முதல் நாள், காற்று தள்ளியதையெல்லாம் என் திறமை என்று எண்ணி வேகமாக மிதித்து வந்து இறங்கினேன். அடுத்த ஐந்து நிமிடங்களுக்குத் தொடைகள் இரண்டிலும் உரலைக் கட்டிவிட்டதுபோல் இருந்தது. கடைசி இரண்டு கிலோமீற்றரில் எளிதான பல்லுக்கு மாற்றி, காலை இலேசாகவும் விரைவாகவும் சுழற்றி வந்தால் அந்தக் கனம் குறைகிறது என்பதை நாலாவது சனிக்கிழமைதான் கண்டுகொண்டோம். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுவது கட்டாயம். ஒரு வாரம் சோம்பியிருந்ததில் புதிய செயின் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது.

குடிப்பதற்கு 750 மில்லிலீற்றர் தண்ணீரில் 40 கிராம் இனிப்பு, கால் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காயின் சாறு என்று கலந்தேன். இனிப்புக்குப் பனங்கட்டி போட்டால் ஊர்ப்பற்றும் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். வடிக்காமல் ஊற்றியதில் தும்பும் மண்ணும் போத்தலின் வாயை அடைத்து, அல்லைப்பிட்டி வெயிலில் வெறுமனே உறிஞ்சிக்கொண்டு போனேன். பிறகு துணியில் இருமுறை வடித்துப் பயன்படுத்தினேன். முதல் நாள் இரவு ஒடியற் கூழ் குடித்துவிட்டு நீந்தப் போனதைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

போட்டிக்கு முதல் வாரம் கடலை அளந்தோம். கணித ஆசிரியன் என்பதால் பாதையை வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. 3, 4, 5 என்ற விகிதத்தில் செங்கோண முக்கோணம் ஒன்று போட்டேன். மொத்தம் 12 பங்கு, பங்கொன்றுக்கு 62.5 மீற்றர். கரைக்குச் செங்குத்தாக வெளியே 187.5, பிறகு கோவளம் வெளிச்சவீட்டைப் பார்த்தபடி கரைக்குச் சமாந்தரமாக 250, அங்கிருந்து கர்ணத்தில் தொடக்க இடத்துக்கு 312.5. கசூரினாவில் கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தே போகலாம் என்பதால், இடுப்பளவு நீரில் முதற்கம்பை நட்டோம். நைலோன் கயிற்றில் 50 மீற்றரை வீட்டு முற்றத்தில் அளந்து முடிச்சிட்டு, வள்ளத்தில் இருந்தவாறு இழுத்து இழுத்துப் பிடித்து, திருப்பங்களில் செம்மஞ்சள் நிறம் பூசிய இரண்டு பெரிய பிளாஸ்ரிக் கான்களைக் கல்லில் கட்டி மிதக்கவிட்டோம்.

வள்ளக்காரர் அறுபதைத் தாண்டியவர். இரண்டாவது கானில் இருந்து கரையை நோக்கி நான் நீந்திப் பார்த்ததில் வளைந்து வளைந்து வந்ததை வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்ரர், எதைப் பார்த்து வாறீங்கள்?”

“கம்பைத்தான் அண்ணை.”

“கம்பு ஒண்டுதானே. ஒண்டைப் பார்த்தால் கடல் உங்களை இழுக்கிறது தெரியாது. அந்தா, முன்னுக்கு ஒரு பனை, பின்னுக்கு ஒரு பனை. ரெண்டையும் ஒண்டாக்கிப் பிடியுங்கோ. பின்பனை எந்தப் பக்கம் எட்டிப் பார்க்குதோ, அந்தப் பக்கம் நீங்கள் போட்டியள் எண்டு அர்த்தம்.”

நான் வலப்பக்கம் விலகினால், தூரத்திலுள்ள பனை அருகிலுள்ள பனைக்கு வலப்புறமாக வெளிப்படும். இடப்பக்கம் திருத்தி நீந்தினால் மீண்டும் அதன் பின்னால் மறையும். கேத்திர கணிதத்தை இருபது ஆண்டு கற்பித்தவன் கற்றுக்கொள்ளாத ஒன்றை, அவர் இருட்டில் வலைக்குப் போய்த் திரும்பும் வழக்கத்தில் கற்றிருந்தார். பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து பனைகளைப் பார்க்கப் பழகினேன்.

போட்டி நாள் ஞாயிறு. இரண்டு கதலிப் பழமும் சீனி போட்ட தேநீரும் குடித்துவிட்டு நாலரைக்குப் புறப்பட்டோம். சவுக்கு மரங்களுக்கிடையே கயிறு கட்டிச் சைக்கிள்களை வரிசையில் நிறுத்தினோம். பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டிய பிறகே சைக்கிளில் கைவைக்கலாம் என்ற விதியைப் பெரிய போட்டிகளில் இருப்பதுபோல் கண்டிப்பாகப் பின்பற்றினோம். சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் ஊற்ற வினாகிரிப் போத்தலொன்றும் வள்ளத்தில் இருந்தது, தேவைப்படவில்லை.

ஆறேகாலுக்கு மருமகன் விசில் ஊதினான். ஏழு பேர் ஒரே நேரத்தில் தண்ணீரை அடித்ததில், முதல் இருபது வீச்சுக்குள் யாரோ ஒருவரின் குதிக்கால் என் கண்ணாடியில் பட்டது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். அந்தக் கணத்தில் பதினாறு வாரமும் கரைந்துபோய், தலை தானாக மேலே எழுந்தது. கைகள் நாய் நீந்துவதுபோல் அடித்தன. நான் மறுபடியும் மாமாவின் கிணற்றுக்குள் இருந்தேன், கயிறு மட்டும் இல்லை. வள்ளம் பக்கத்தில் வந்தது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாந்து படுத்துப் பத்து வரை எண்ணினேன். பிறகு கவிழ்ந்து, முகத்தைத் தாழ்த்தி, குமிழி விட்டேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இரண்டாவது மூச்சிலேயே கால் மிதந்தது.

வெளிச்சவீட்டைப் பார்த்து நீந்திய 250 மீற்றர்தான் அன்று முழுவதிலும் இனிமையானது. வெயில் இன்னும் ஏறவில்லை; அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. இதே பாக்கு நீரிணையை 1954இல் மு. நவரத்தினசாமி நீந்திக் கடந்ததையும், 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் மறுகரைக்குப் போய் நிற்காமல் திரும்பி 51 மணி நேரத்தில் இரு வழியையும் முடித்ததையும் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த எண் எனக்கு அதுவரை வெறும் பொது அறிவுக் கேள்வியின் விடையாகவே இருந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் தோள் எரியத் தொடங்கியபோதுதான் அது மணி நேரக் கணக்கு என்பது உறைத்தது. கர்ணத்தில் பின்பனை இரண்டு முறை வலப்புறம் எட்டிப் பார்த்தது. இரண்டு முறையும் மறைத்தேன். 24 நிமிடம் 40 வினாடியில் கம்பைத் தொட்டேன்.

மரத்தடியில் ஐந்து நிமிடம் போனது. ஈரக் காலுக்குக் காலுறை ஏறாது என்று தெரிந்தே முகப்பவுடரை உள்ளே தூவி வைத்திருந்தேன். ஆனால் வாளியில் கழுவிய காலை மறுபடியும் மணலிலேயே வைத்தேன். அடுத்த முறை வாளிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரிக்க வேண்டும். சப்பாத்து நாடாவுக்குப் பதிலாகத் தையற்கடையில் வாங்கிய இலாஸ்ரிக்கைக் கோத்திருந்தது மட்டும் சரியாக வேலை செய்தது.

பொன்னாலைப் பாலத்தில் சோளகம் எங்களுக்காகக் காத்திருந்தது. பண்ணையில் முகத்திலும் முதுகிலும் பழகிய காற்று இங்கே விலாவில் அடித்தது. இருபுறமும் தண்ணீர், மறைக்க ஒரு வடலிகூட இல்லை. கைபிடியை இறுகப் பிடித்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் சைக்கிள் வெட்டி வெட்டிப் போனது. முழங்கையைத் தளர்த்தி, உடம்பைத் தாழ்த்தி, காற்று வரும் பக்கம் சற்றுச் சாய்ந்தபோதுதான் நேராக ஓடியது. மூளாய்ப் பக்கம் பத்தாவது கிலோமீற்றரில் திரும்பி, அதே பாலத்தை மறு விலாவில் காற்றோடு கடந்தேன். 49 நிமிடம் 30 வினாடி.

ஓடத் தொடங்கியபோது மணி ஏழரையைத் தாண்டியிருந்தது. தொடையில் உரல் இல்லை, உலக்கை மட்டும்தான். மூன்றாவது கிலோமீற்றரில் வீட்டு வாசலில் நின்ற அம்மா ஒருவர், “ஆரும் துரத்துகினமோ தம்பி?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். இல்லை என்று கையசைத்தேன். ஓட்டம் 34 நிமிடம் 15 வினாடி. இடைமாற்றங்களையும் சேர்த்து மொத்தம் 1 மணி 55 நிமிடம் 55 வினாடி. எழுவரில் ஐந்தாவதாக வந்தேன். முதலில் வந்த இளைய ஆசிரியர் என்னைவிட இருபத்தொரு நிமிடம் முந்தி முடித்து, இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்.

கான்களை எடுத்துக்கொண்டு வள்ளம் கரைக்கு வந்ததும், ஒரு சந்தேகத்தில் அந்த நைலோன் கயிற்றை ஈரம் காயுமுன்னரே மணலில் இழுத்துப் பிடித்து அளவு நாடாவால் அளந்தோம். உலர்ந்த கயிறாக முற்றத்தில் அளந்த 50 மீற்றர், ஈரத்தில் இழுத்தபோது 51.6 ஆக இருந்தது. பதினைந்து கயிறு நீளம் என்றால் 774. அண்ணைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பதிவுக் கொப்பியில் 750ஐ வெட்டி 774 என்று எழுதினேன். நேரத்தை அப்படியே விட்டேன்.